திருத்தணி தந்த பேராசிரியர்

ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். அந்நாள் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் பிறந்த நாள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவர் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கியதையும், உலகம் போற்றும் தத்துவ அறிஞராகத் திகழ்ந்ததையும் நாம் பாடநூல்களில் படித்திருக்கிறோம். ஆனால் அவர் நம் திருவள்ளூர் மாவட்டத்து மண்ணில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. அவர் தம் இளமையில் எழுதிய நூல்களுள் ஒன்று உளவியலைப் பற்றியது என்பதை அறிந்தவர் அதனினும் சிலரே. இவ்விரண்டு செய்திகளையும் மையமாகக் கொண்டு அப்பெருந்தகையின் வாழ்க்கையை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

இன்று இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் கல்லூரிகளில் பயிலும் மாணவ மாணவியருள் பெரும்பாலோர் முதன் முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பட்டம் பெற்றவுடன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, திருவள்ளூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலோ வேலை கிடைத்தால் போதும் என்று வீட்டார் எண்ணுவது இயல்பு. அதில் தவறேதும் இல்லை. ஆயினும் மேற்படிப்பு என்பதும், ஆராய்ச்சி என்பதும் நமக்கு எட்டாத கொம்புத் தேன் என்று நாமே முடிவு கட்டிவிடுவது தவறு. அதற்கு இராதாகிருஷ்ணனின் வாழ்க்கையே சான்று.

பிறப்பும் இளமையும்

இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில் பிறந்தார். தந்தையார் வீராசாமி, தாயார் சீதம்மா. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பம். தந்தையார் ஒரு ஜமீனில் வருவாய்த் துறையைச் சார்ந்த சிறிய உத்தியோகம் பார்த்து வந்தார். வருவாயோ குறைவு, குடும்பமோ பெரிது. முருகன் குடிகொண்ட மலையடிவாரத்து ஊரில், இரு மொழியும் கலந்து வழங்கிய தெருக்களில் சிறுவன் வளர்ந்தான்.

அந்நாளில் திருத்தணி சென்னை மாகாணத்து வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் சென்றது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனோடு போயிற்று. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டங்களின் பயனாக, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி மீண்டும் நம் மாநிலத்தோடு இணைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1997இல் திருவள்ளூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் வந்தது. அவ்வூர் நம் மாநிலத்துக்குத் திரும்பியபோது, அவ்வூரின் மைந்தர் இந்தியக் குடியரசின் துணைத் தலைவராக வீற்றிருந்தார் என்பது நினைந்து மகிழத்தக்கது.

தொடக்கக் கல்வி திருத்தணியில். 1896இல் திருப்பதியில் இருந்த ஜெர்மானிய லூத்தரன் சபையாரின் பள்ளியில் சேர்ந்தார். பிறகு வாலாஜாப்பேட்டையில் சிறிது காலம் பயின்றார். அடுத்து வேலூர் ஊரிசுக் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பு. அங்கே படிக்கும்போதே, 1903இல், சிவகாமு அம்மையாரோடு திருமணம் நடந்தது. பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஒவ்வொரு படியிலும் அவரை ஏற்றிவிட்டது கல்வி உதவித்தொகையே. அது மட்டும் இல்லாதிருந்தால் அவருடைய கல்வி வேலூரோடு நின்றிருக்கவும் கூடும்.

தத்துவப் பாடத்தை அவர் தாமாக விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாட நூல்களை அவருக்குக் கொடுத்துவிட்டார். புதிதாக நூல் வாங்கப் பணமில்லாத மாணவனுக்கு, கையில் கிடைத்த நூல்களே பாடத்தை முடிவு செய்தன! வறுமை வகுத்த வழியை அவர் பெருமைக்குரிய வழியாக்கிக் கொண்டார். எந்தப் பாடத்தில் இடம் கிடைத்தது என்று மனம் சோரும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் ஆய்வேடு

எம்.ஏ. பட்டத்திற்காக அவர் வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். வேதாந்தத்தில் ஒழுக்கத்திற்கு இடமில்லை என்று மேனாட்டார் சிலர் கூறிய குறைக்கு அது விடையாக அமைந்தது. கிறித்துவ சமயப் பணியாளர் நடத்திய கல்லூரியில் இவ்வாறு எழுதினால் தம் பேராசிரியர் வருந்துவாரோ என்ற அச்சம் மாணவருக்கு இருந்தது. ஆனால் பேராசிரியர் ஆல்பிரட் ஹாக் அந்தக் கட்டுரையைப் பாராட்டினார். தம்முடைய கருத்துக்கு மாறாக எழுதிய மாணவரை மனமாரப் பாராட்டிய அந்த ஆசிரியரின் பெருந்தன்மை, இராதாகிருஷ்ணனின் வாழ்வில் ஆழமாகப் பதிந்தது. 1908இல் அக்கட்டுரை நூலாக வெளிவந்தபோது அவருக்கு வயது இருபதே.

ஆராய்ச்சிப் பயிற்சி என்பதன் உயிர்நாடி இதுவே. நூலகமும் கருவிகளும் பணமும் வேண்டியவைதாம். ஆனால் மாணவனைத் தன் காலில் நிற்கவிடும் வழிகாட்டி ஒருவர் வாய்க்காவிட்டால் அவையெல்லாம் இருந்தும் பயன் குறைவே.

சைதாப்பேட்டையில் உளவியல் ஆசிரியர்

1909ஆம் ஆண்டு ஏப்ரலில் இராதாகிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியின் தத்துவத் துறையில் பணியமர்ந்தார். அரசுக் கல்வித்துறையில் நிலைபெற வேண்டுமானால் ஆசிரியப் பயிற்சி பெற வேண்டும் என்பது அன்றைய விதி. ஆகவே 1910இல் அவர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்கு எல்.டி. பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். 1856இல் தொடங்கப்பட்ட பழம்பெருங் கல்லூரி அது.

அங்கே ஒரு சுவையான நிகழ்ச்சி நடந்தது. ஆசிரியப் பயிற்சியில் உளவியல் ஒரு முக்கிய பாடம். அப்பாடத்தில் இராதாகிருஷ்ணனுக்கு இருந்த தேர்ச்சியைக் கண்ட கல்லூரியார், அவரையே உடன் பயிலும் மாணவர்களுக்கு அப்பாடத்தை நடத்துமாறு செய்தனர். பயிற்சிக்கு வந்தவர் பயிற்சியாளர் ஆனார். அந்த விரிவுரைகள் 1912இல் உளவியலின் அடிப்படைகள் என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வெளிவந்தன.

அந்த ஆண்டை மனத்தில் கொள்ள வேண்டும். ஜெர்மனி நாட்டு லைப்சிக் நகரில் வில்லெம் வுண்ட் உளவியல் ஆய்வுக்கூடம் அமைத்தது 1879இல். அமெரிக்காவில் வில்லியம் ஜேம்சு தம் பெருநூலை வெளியிட்டது 1890இல். நடத்தையியலை வாட்சன் அறிவித்தது 1913இல். உலகிலேயே உளவியல் தனித்துறையாகத் தலையெடுத்துக் கொண்டிருந்த காலம் அது. இந்தியப் பல்கலைக்கழகம் எதிலும் அப்போது உளவியலுக்கென்று தனித்துறை இல்லை. தத்துவத் துறையின் ஒரு மூலையில், தருக்க நூலுக்கும் ஒழுக்க நூலுக்கும் இடையே, உளநூல் ஒதுங்கி நின்றது. அக்காலத்தில் இருபத்து நான்கு வயதினரான திருத்தணி இளைஞர் ஒருவர் அதற்குப் பாடநூல் எழுதினார்.

அவர் அத்துறையிலேயே நிற்கவில்லை என்பதும் உண்மை. அவருடைய நாட்டம் இந்தியத் தத்துவத்தின்பால் சென்றது. எனினும் மனம், உள்ளுணர்வு, சமய அனுபவம் ஆகியவை பற்றிய வினாக்கள் அவரை விட்டு அகலவேயில்லை. 1929-30இல் அவர் இங்கிலாந்தில் நிகழ்த்திய இப்பர்ட்டு சொற்பொழிவுகளில் உள்ளுணர்வே அறிவின் உச்சம் என்னும் கருத்தை விரிவாக ஆராய்ந்தார். சைதாப்பேட்டையில் ஊன்றிய வித்து வேறு நிலத்தில் மரமாயிற்று எனலாம்.

மைசூரும் கல்கத்தாவும்

1916இல் அனந்தப்பூருக்கும், அடுத்த ஆண்டு இராசமகேந்திரவரத்துக்கும் அவர் மாற்றப்பட்டார். 1918இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அப்போது மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. மகாராசாக் கல்லூரியில் அவர் நடத்திய வகுப்புகள் பெரும்புகழ் பெற்றன. 1921இல் அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் பூக்களால் அலங்கரித்த வண்டியில் அவரை அமர்த்தி, குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றனர். ஓர் ஆசிரியர் பெறக்கூடிய விருதுகளுள் அதற்கு மேலானது எது?

கல்கத்தாவில் அவரை அழைத்தவர் சர் ஆசுதோஷ் முகர்ஜி. கொடுத்த பதவி ஐந்தாம் ஜார்ஜ் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவி. அப்பதவியின் துறைப் பெயரே மனவியலும் ஒழுக்கவியலும் என்பதாகும். அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர் பிரஜேந்திரநாத் சீல். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியலுக்கு முதன்முதல் பாடத்திட்டம் வகுத்தவர் அவரே. அத்திட்டத்தின் வழியே 1916இல் அங்கே இந்தியாவின் முதல் உளவியல் துறை பிறந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டில் பயிற்சி பெற்றுத் திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதன் தலைவரானார். மருத்துவராக இருந்து உளவியலுக்கு வந்த கிரீந்திரசேகர் போசு 1921இல் அங்கே முனைவர் பட்டம் பெற்று, மறு ஆண்டே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். வியன்னாவில் இருந்த பிராய்டோடு கடிதத் தொடர்பும் கொண்டார்.

மைசூரும் பின்தங்கவில்லை. இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்ற எம்.வி. கோபாலசாமி 1924இல் அங்கே உளவியல் துறையைத் தொடங்கினார். பிற்காலத்தில் மைசூரில் ஆகாசவாணி என்ற பெயரில் வானொலி நிலையம் தொடங்கியவரும் இவரே. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் ஜி.டி. போவாசு தலைமையில் உளவியல் துறை தோன்றியது. அப்போது துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். இம்மூன்றும் இந்திய உளவியலின் மூத்த வீடுகள்.

இவ்வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் தலைமுறை உளவியலாளருள் பலர் வெளிநாடு சென்று பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள். இங்கே ஆய்வுக்கூடமும் இல்லை, வழிகாட்டிகளும் இல்லை. பணமுள்ளவரோ உதவித்தொகை பெற்றவரோ மட்டுமே செல்ல முடிந்தது. இராதாகிருஷ்ணனோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதிலும் மாணவராகப் படித்தவர் அல்லர். அவருடைய கல்வி முழுவதும் சென்னை மாகாணத்துக்குள்ளேயே முடிந்தது. அவருக்குக் கிடைக்காத வாய்ப்பு பிற்காலத்தவர்க்குக் கிடைக்க வேண்டும் என்பதில் அவர் காட்டிய அக்கறையை இனிக் காண்போம்.

ஒரு வழக்கு

பெரியோர் வாழ்வை எழுதும்போது இனியவற்றை மட்டும் எழுதி, இடர்களை விட்டுவிடுவது நம் வழக்கம். இங்கே ஒன்றை விடாமல் சொல்ல வேண்டும். அது ஆராய்ச்சி மாணவருக்குப் பாடமாவது.

ஜதுநாத் சின்கா என்னும் இளம் ஆய்வாளர் இந்திய உளவியலில் புலக்காட்சி பற்றி ஆராய்ந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பிரேம்சந்த் ராய்சந்த் ஆய்வு உதவிக்காகக் கட்டுரைகள் அளித்தார். அவற்றை மதிப்பிட்டவருள் இராதாகிருஷ்ணனும் ஒருவர். 1927இல் வெளிவந்த இராதாகிருஷ்ணனின் இந்தியத் தத்துவம் இரண்டாம் தொகுதியில் தம் கட்டுரையின் பகுதிகள் எடுத்தாளப்பட்டிருப்பதாக 1929இல் சின்கா குற்றம் சாட்டி வழக்குத் தொடர்ந்தார். இராதாகிருஷ்ணன் அதனை முற்றும் மறுத்தார். இருவரும் ஒரே வடமொழி மூல நூல்களை விளக்கும்போது சொற்கள் ஒத்திருப்பது இயல்பே என்பது அவர் தரப்பு. தம் பெயருக்குக் களங்கம் விளைவித்ததாக அவரும் எதிர்வழக்குத் தொடுத்தார். 1933இல் இரு வழக்குகளும் தீர்ப்புக்குச் செல்லாமலே சமாதானமாக முடிந்தன. சின்கா தம் ஆய்வை மறு ஆண்டு இலண்டனில் நூலாக வெளியிட்டார்.

யார் பக்கம் நியாயம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் மாணவனின் உழைப்புக்கும் வழிகாட்டியின் உழைப்புக்கும் இடையே எல்லை எது, மதிப்பிடுவோர் கையில் உள்ள கட்டுரைக்குப் பாதுகாப்பு எது என்னும் வினாக்கள் அன்று எழுந்தன. அவை இன்றும் உள்ளன. ஆராய்ச்சியில் இறங்கும் மாணவர் எடுத்த குறிப்பு ஒவ்வொன்றுக்கும் இடமும் நாளும் எழுதி வைக்க வேண்டும். பிறர் கருத்தைப் பிறர் பெயராலேயே சொல்ல வேண்டும். ஆய்வுப் பயிற்சியின் முதற்பாடம் இதுவே.

ஆக்ஸ்போர்டுக்கு ஆசிரியராக

1926இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் சார்பில் இராதாகிருஷ்ணன் மேனாடு சென்றார். ஆக்ஸ்போர்டிலும் சிக்காகோவிலும் சொற்பொழிவு ஆற்றினார். ஹார்வர்டில் கூடிய உலகத் தத்துவ மாநாட்டில் பேசினார். 1931 முதல் 1936 வரை ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1936இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் கீழை நாட்டுச் சமயங்கள், ஒழுக்கவியல் ஆகியவற்றுக்கென ஸ்பால்டிங் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியில் முதல்வராக அமர்ந்தார். மாணவராகச் சென்று படிக்காத இடத்துக்குப் பேராசிரியராகச் சென்றார் அவர்! 1952 வரை அப்பதவியில் இருந்தார். இடையே 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார்.

பல்கலைக்கழகக் கல்விக் குழு

நாடு விடுதலை பெற்றதும் உயர்கல்வியைச் சீரமைக்க அரசு ஒரு குழு அமைத்தது. 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு அது. தலைவர் இராதாகிருஷ்ணன். உறுப்பினருள் சாகிர் உசேன், மேகநாத் சாகா, தாராசந்த் ஆகியோரோடு நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியாரும் இருந்தார். குழு 1949 ஆகஸ்டில் அறிக்கை அளித்தது.

அவ்வறிக்கை ஆராய்ச்சிப் பயிற்சிக்குத் தனியிடம் கொடுத்தது. முனைவர் பட்டத்துக்கான பயிற்சி குறைந்தது இரண்டாண்டுகளாவது நடைபெற வேண்டும். மாணவரை மிகக் கவனத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும். ஆய்வாளர் தம் சிறு துறைக்குள் முடங்கிவிடாமல் பாடம் முழுவதிலும் அகலமும் ஆழமும் உடையவராக வேண்டும். ஆய்வேட்டோடு வாய்மொழித் தேர்வும் வேண்டும். தகுதியுள்ள ஆய்வாளருக்கு அரசு உதவித்தொகை வழங்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் சில. தேர்வு முறையைச் சீர்திருத்த உளவியல் வழிப்பட்ட சோதனை முறைகளை ஆராய்ந்து கையாள வேண்டும் என்றும் அது கூறியது. சைதாப்பேட்டையில் உளவியல் பாடம் நடத்தியவரின் கை அங்கே தெரிகிறது என்று எண்ணுவதில் தவறில்லை.

குழுவின் மற்றொரு பெரும் பரிந்துரை பல்கலைக்கழக மானியக் குழு அமைய வேண்டும் என்பது. 1953 டிசம்பரில் அக்குழு தொடங்கப்பட்டது. 1956இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிலைபெற்றது. இன்று நம் மாணவர் எழுதும் தேசியத் தகுதித் தேர்வுக்கும், இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்கும் பின்னால் நிற்பது அந்த மானியக் குழுவே. திருத்தணியில் உதவித்தொகையால் படித்த சிறுவன், நாடு முழுவதற்கும் உதவித்தொகை வழங்கும் அமைப்பு தோன்றக் காரணமானவர்களுள் ஒருவரானார்.

பதவிகளும் இறுதியும்

1949 முதல் 1952 வரை சோவியத் நாட்டுத் தூதர். 1952 முதல் 1962 வரை குடியரசுத் துணைத் தலைவர். 1954இல் பாரத ரத்னா. 1962 மே 13 முதல் 1967 மே 13 வரை குடியரசுத் தலைவர். குடியரசுத் தலைவரான ஆண்டிலிருந்து அவர் பிறந்த நாள் ஆசிரியர் நாளாயிற்று. அவருக்குப் பின் குடியரசுத் தலைவரானவர் கல்விக் குழுவில் அவரோடு அமர்ந்த சாகிர் உசேன். ஓய்வுக்குப் பின் மயிலாப்பூரில் தம் இல்லத்தில் வாழ்ந்து, 1975 ஏப்ரல் 17ஆம் நாள் மறைந்தார். அவர் வாழ்ந்த சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய மகன் சர்வபள்ளி கோபால் புகழ்பெற்ற வரலாற்றாசிரியராகித் தந்தையின் வாழ்க்கையை விரிவாக எழுதினார்.

அவர் பெயரால் வாழும் வாய்ப்பு

1989இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் அவர் நினைவாக உதவித்தொகை ஏற்படுத்தியது. நம் நாட்டிலும் முனைவர் பட்டம் பெற்றபின் ஆராய்ச்சியைத் தொடர்வோருக்கான மானியக் குழு உதவித் திட்டம் அவர் பெயரைக் கொண்டது. 2022 செப்டம்பர் 5 அன்று மானியக் குழு அறிவித்த வடிவில், 900 ஆய்வாளர்களுக்குத் திங்கள்தோறும் 50,000 ரூபாய் வழங்க அது வழிவகுத்தது. இடங்களில் நூற்றுக்கு முப்பது பெண்களுக்கு. அறிவியல், பொறியியலோடு சமூக அறிவியலும் அதில் அடங்கும். எனவே உளவியலும் அடங்கும். தனித்துறையே இல்லாத நாளில் உளவியல் கற்பித்தவரின் பெயரால் உளவியல் முனைவர் ஒருவர் ஆய்வைத் தொடர முடிகிறது என்றால், அது காலத்தின் கணக்குத் தீர்வு போலத் தோன்றுகிறது.

இப்படிக்கட்டின் கீழ்ப்படிகளையும் நம் மாணவர் அறிந்துகொள்ள வேண்டும். இளங்கலையில் உளவியல் படித்தவர் முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம் முதலிய இடங்களை நாடலாம். முதுகலைக்குப் பின் தேசியத் தகுதித் தேர்வில் உளவியல் ஒரு பாடம். அதில் உயர் மதிப்பெண் பெற்று இளநிலை ஆய்வாளராகத் தேர்வானால் உதவித்தொகை கிடைக்கும். 2023 சனவரி முதல் அது திங்களுக்கு 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மருத்துவமனையில் நோயாளருக்குப் பணிபுரியும் மருத்துவ உளவியலாளர் ஆக விரும்புவோர், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற பயிற்சியைப் பெற்று அதன் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் இப்பயிற்சியில் நாட்டுக்கே முன்னோடி.

முனைவர் பட்டம் முடிவன்று, தொடக்கம். ஆய்வேட்டை எழுதி முடித்தவர் தனித்து நின்று ஆராயும் திறனை வளர்த்துக்கொள்ள இரண்டு மூன்று ஆண்டுகள் மற்றோர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுவது வழக்கம். 1969இல் தோன்றிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றமும் இதற்கு உதவுகிறது. அமெரிக்கா செல்வோருக்குப் புல்பிரைட்-நேரு உதவித்தொகையும், ஐரோப்பா செல்வோருக்கு மேரி கியூரி பெயரால் அமைந்த உதவித்தொகையும் உண்டு. இவை யாவும் விண்ணப்பித்தோருக்கே கிடைக்கும். விண்ணப்பிக்காதவரைத் தேடி வருவன அல்ல.

நம் வட்டாரத்தின் தேவை

உளவியல் படித்து என்ன பயன் என்று கேட்போர் நம் வட்டாரத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் இரவும் பகலும் மாறி மாறி வேலை செய்வோர் எத்தனை பேர்! உறக்கம் கெட்டு, குடும்பத்தோடு பேச நேரமின்றி, மனம் சலித்து நிற்போர் எத்தனை பேர்! பிற மாநிலங்களிலிருந்து வந்து, மொழி தெரியாமல், நெருக்கமான அறைகளில் தங்கி உழைப்போர் உள்ளனர். கும்மிடிப்பூண்டி முகாமில் போரின் வடுவோடு இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல்லாண்டுகளாக வாழ்கின்றன. இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவனின் ஒரு நொடிக் கவனக்குறைவு ஒரு விரலையோ உயிரையோ கொண்டுபோய்விடும். அக்கவனத்தை ஆராய்வதும் உளவியலே.

2015-16இல் பெங்களூர் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வளர்ந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறையோடு இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றும் அவ்வாய்வு கண்டது. தமிழில் பேசி, தமிழில் கேட்டு, இவ்வூர் மக்களின் மனத்தை இவ்வூர் வழக்கிலேயே புரிந்துகொள்ளும் உளவியலாளர் வேண்டும். அவர்களை எங்கிருந்தோ இறக்குமதி செய்ய முடியாது. கும்மிடிப்பூண்டி இரயிலிலும் திருத்தணி இரயிலிலும் நின்றுகொண்டு கல்லூரிக்கு வரும் பிள்ளைகளிலிருந்துதான் அவர்கள் தோன்ற வேண்டும்.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்கக் கூடாது. முதுகலை இரண்டாண்டு, முனைவர் பட்டம் நான்கைந்து ஆண்டு, அதன்பின் மேலும் இரண்டு மூன்று ஆண்டு என்றால், வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்க்கு அது நீண்ட காத்திருப்பு. உதவித்தொகை காலத்தே வராமல் தவிக்கும் ஆய்வாளரும் உண்டு. தங்கையின் படிப்பையும் தந்தையின் மருந்துச் செலவையும் எண்ணி, தொழிற்சாலை வாசலை நோக்கித் திரும்பும் நண்பனைக் குறை கூற யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் திரும்பும் முன் எல்லா வழிகளையும் அறிந்துதான் திரும்பினானா என்று கேட்கும் கடமை ஆசிரியருக்கும் உண்டு, தோழருக்கும் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் உளவியல் முதுகலையில் சேர்ந்து தகுதித் தேர்வு எழுதும் வழியும் 2025 வரை இருந்தது. எந்தப் படிப்பில் சேருமுன்னும், அப்படிப்பு மானியக் குழுவின் ஏற்பு பெற்றதா, தாம் விரும்பும் பணிக்குச் செல்லுமா என்பதைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

மாணவ நண்பர்களே! இராதாகிருஷ்ணன் பிறந்தபோது திருத்தணியில் கல்லூரி இல்லை. இன்று அவ்வூரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, பொன்னேரியிலும் இருக்கிறது. அவர் படிக்கத் திருப்பதிக்கும் வாலாஜாவுக்கும் வேலூருக்கும் சென்னைக்கும் அலைந்தார். நமக்கு வாசலிலேயே கல்வி வந்து நிற்கிறது. அவருக்கு உறவினர் தந்த பழைய நூல்கள்தாம் வழிகாட்டின. நமக்கு நூலகமும் உதவித்தொகை அறிவிப்புகளும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் துறைத் தலைவரை அணுகி, தமக்குரிய தகுதித் தேர்வு எது, உதவித்தொகை எது, விண்ணப்பிக்க வேண்டிய நாள் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். ஆசிரியர் நாளன்று அப்பெருந்தகையின் படத்துக்கு மாலையிடுவதோடு அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கமும் எழுதப்படுமானால், அதுவே அவருக்கு நாம் செய்யும் சிறப்பு.